வாங்காவிட்டால் மரியாதையில்லையாம்!

கேள்வி: நாங்கள் கரூர்ப் பக்கம். கணவருக்கு ஜவுளி வியாபாரம். சீனாவில் ஷாவ்ஷிங் நகரத்தின் கெச்சியாவ் பகுதியில் எட்டு வருடமாக இருக்கிறோம். பையனுக்கு 14 வயது. உள்ளூர்ச் சீனப் பள்ளியில்தான் படிக்கிறான். சென்ற வாரம் அவன் பென்சில் பையில் ஒரு சிகரெட் இருந்தது. கேட்டால், "நான் பிடிக்கலம்மா. கூடப் படிக்கிறவனோட அண்ணன் கொடுத்தான். வாங்காட்டி மரியாதையில்ல" என்கிறான். அந்த அண்ணன் தொழிற்பள்ளி மாணவன், 16 வயது. என் கணவருக்குப் புகைப் பழக்கம் கிடையாது. வியாபாரப் பார்ட்டிகளுக்குக் கொடுக்க வாங்கிய சிகரெட் கார்ட்டன்கள் அலமாரியில் இருப்பதோடு சரி. இங்கே திரும்பிய பக்கமெல்லாம் புகை. பையனைப் பாட்டியோடு கரூரில் விட்டுவிடலாமா? சீனப் புத்தாண்டான வசந்த விழாவுக்கு, நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் வைக்கும் விருந்து வேறு வருகிறது. எனக்கு இப்போதே பயமாக இருக்கிறது, டாக்டர்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நான் மருத்துவம் படித்தது சீனாவில்தான், ஹூனான் மாகாணத்தின் சாங்ஷா நகரத்தில். போய் இறங்கிய முதல் வாரத்தில் விடுதி அறைத் தோழன் நீட்டியது ஒரு சிகரெட்டும் ஒரு துண்டுப் பாக்கும். ஆமாம், பாக்கேதான். ஹூனான்காரர்கள் பதப்படுத்திய பாக்கை மென்றுகொண்டே புகைப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் எல்லையில்லாத மந்திர சக்தி வரும் என்று அங்கே வேடிக்கையாக ஒரு சொலவடை உண்டு. வாய்ப் புற்றுநோய் வார்டில் அந்த மந்திர சக்தியைப் பிறகு நேரில் பார்த்தேன், அது வேறு கதை. அன்றைக்கு எனக்கும் உங்கள் பையனுக்கு வந்த அதே சங்கடம்தான் வந்தது. வேண்டாம் என்றால் அவன் முகம் வாடிவிடுமே!

அதனால் உங்கள் பையன் சொன்னதைச் சாக்கு என்று தள்ளாதீர்கள். அவன் உண்மையைச் சொல்லியிருக்கிறான். சீனாவில் சிகரெட்டுக்கு இருக்கிற இடம் நம் ஊரில் வெற்றிலை பாக்குக்கு இருக்கிற இடம். கல்யாணத்தில் மிட்டாயோடு சிகரெட்டும் கொடுக்கிறார்கள். அதற்கென்றே 'ஷீ-யென்', மங்கலச் சிகரெட், என்று பெயர் இருக்கிறது. பெரியவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் மரியாதையாக நீட்டுவதற்கு 'ஜிங்-யென்' என்று தனிச் சொல். சிகரெட்டிலும் சாராயத்திலும் உன்னுடையது என்னுடையது என்று பாகம் பிரிப்பதில்லை என்று பழமொழியே உண்டு. கையில் இருப்பதை நீட்டாமல் தான் மட்டும் பற்றவைப்பவன் அங்கே கஞ்சன்.

இப்படி ஒரு ஊரில், 'புகை உடம்புக்குக் கெடுதல்' என்ற பாடம் பிள்ளைகளிடம் ஏன் பாதியில் நின்றுவிடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். கெடுதல் என்று அவர்களுக்குத் தெரியும், பரீட்சையில் கேட்டால் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். நீட்டிய கையை எப்படித் திருப்பி அனுப்புவது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம். திரும்பிய பக்கமெல்லாம் புகை என்கிறீர்கள், அது பெரியவர்களைப் பொறுத்தவரை சரி. 2018ஆம் ஆண்டு தேசிய ஆய்வில், 15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களில் 50.5 சதவீதம் பேர் புகைப்பவர்கள், பெண்களில் 2.1 சதவீதம்தான். மொத்தத்தில் 30 கோடிக்கும் மேல். உங்கள் பையன் வயதுக் கணக்கு அப்படியில்லை. 2019 ஆய்வுப்படி, கீழ்நிலை நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளில், அதாவது கிட்டத்தட்ட 12 முதல் 15 வயது வரை, 12.9 சதவீதம் பேர் ஒரு இழுப்பாவது இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். இப்போதும் பிடிப்பவர்கள் 3.9 சதவீதம். நூறு பேரில் நாலு பேர்! இதைப் பையனிடம் அவசியம் சொல்லுங்கள். 'எல்லாரும் பிடிக்கிறாங்க' என்று நினைக்கிற பிள்ளை பிடிக்கத் தொடங்குவதற்கு வாய்ப்பு அதிகம். அவன் வகுப்பில் 45 பேர் இருந்தால் பிடிப்பவர்கள் இரண்டு பேர் இருக்கலாம், மீதி 43 பேர் சும்மா இருக்கிறார்கள்.

ஒன்பதாவது முடிந்ததும் வருகிற நுழைவுத் தேர்வில்தான் பாதை பிரிகிறது. மதிப்பெண் எடுத்தவர்கள் சாதாரண மேல்நிலைப் பள்ளிக்கு, மற்றவர்களில் பெரும்பாலோர் தொழிற்பள்ளிக்கு. அதே 2019 ஆய்வில் சாதாரண மேல்நிலைப் பள்ளியில் புகைப்பவர்கள் 5.6 சதவீதம், தொழிற்பள்ளியில் 14.7 சதவீதம். ஒரே வயதுப் பிள்ளைகள்தான். பள்ளி மாறியதும் எண்ணிக்கை இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. விடுதி வாழ்க்கை, பட்டறைப் பயிற்சியில் கூட நிற்கும் பெரிய ஆட்கள், 'நீ தேறாதவன்' என்று 15 வயதிலேயே நெற்றியில் ஒட்டிய முத்திரை, எல்லாம் சேர்ந்துகொள்கிறது. அந்த அண்ணனைக் கெட்ட பையன் என்று நினைத்துவிடாதீர்கள். தான் பெரிய மனுஷன் ஆகிவிட்டதைக் காட்ட அவனிடம் இருப்பது அந்த ஒரு பாக்கெட்தான். அதிலிருந்து ஒன்றை எடுத்துத் தம்பியின் தோழனுக்குக் கொடுத்திருக்கிறான். அவன் கணக்கில் அது பாசம்.

சரி, 16 வயதுப் பையன் கைக்கு அது எப்படி வந்தது? சட்டம் இல்லாமல் இல்லை. 2021 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தப்பட்ட சிறார் பாதுகாப்புச் சட்டப்படி, பள்ளியைச் சுற்றிப் புகையிலைக் கடை இருக்கக்கூடாது, 18 வயதுக்குக் கீழே யாருக்கும் விற்கக்கூடாது, சந்தேகம் வந்தால் அடையாள அட்டை கேட்க வேண்டும். ஆனால் ஷாவ்மாய்பு என்கிற அந்தச் சின்னப் பெட்டிக்கடைகளை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அங்கே அட்டை கேட்பதா! பிள்ளைகளின் பாக்கெட் மணிக்கு வசதியாகச் சில்லறையில் ஒன்றிரண்டு உதிரியாக விற்கும் கடைகளும் உண்டு. அப்படி ஒரு கடை தெரிந்தால் 12313 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். அந்த எண் அரசின் புகையிலை ஏகபோக நிர்வாகத்தின் எண். அதே நிர்வாகத்தின் இன்னொரு பெயர்ப்பலகைதான் சீனத் தேசியப் புகையிலைக் கழகம், உலகிலேயே மிகப் பெரிய சிகரெட் கம்பெனி. 2023ஆம் ஆண்டில் மட்டும் வரியும் லாபமுமாக 1.5 லட்சம் கோடி யுவான் ஈட்டிய கம்பெனி. விற்பவரிடமே விற்பதைப் பற்றிப் புகார் செய்ய வேண்டும். சிரிப்பு வந்தாலும் கூப்பிடுங்கள். உரிமம் போய்விடும் என்ற பயம் கடைக்காரருக்கு உண்டு.

இந்தக் கம்பெனி ஒரு காலத்தில் பள்ளிக்கூடமே கட்டியது. 2008 நிலநடுக்கத்துக்குப் பிறகு சிசுவான் மாகாணத்தில் புகையிலைப் பணத்தில் எழுந்த தொடக்கப் பள்ளி ஒன்றின் சுவரில், மேதைமை உழைப்பால் வரும், நீ மேதையாகப் புகையிலை உதவும் என்ற பொருளில் எழுதி வைத்திருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகும் பிள்ளைகள் வாசிக்கிற சுவரில்! அப்புறம் காலம் கொஞ்சம் மாறியது. 2014இல் பள்ளி வளாகத்தில் புகைக்கக் கல்வி அமைச்சகம் தடை போட்டது. 2015இல் விளம்பரச் சட்டம் இறுகியது. 2016 அறக்கொடைச் சட்டம், நன்கொடை என்ற பெயரில் புகையிலைக்கு விளம்பரம் தேடுவதைத் தடுத்தது. வீண் போகவில்லை. நடுநிலை, மேல்நிலை, தொழிற்பள்ளி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் புகைக்கும் மாணவர்கள் 2021இல் 4.7 சதவீதம், 2023இல் 4.2 சதவீதம். மெதுவாகத்தான், ஆனாலும் இறங்குகிறது.

பாக்கெட்டை மட்டும் இன்னும் தொடவில்லை. நம் ஊர்ப் பாக்கெட்டில் 85 சதவீத இடத்தைப் புற்றுநோய்ப் படம் பிடித்துக்கொள்கிறது. சீனப் பாக்கெட்டில் இரண்டு வரி எச்சரிக்கைதான், படம் கிடையாது. 2008இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் நடந்த உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு மாநாட்டில், புகழ்பெற்ற மலைகளும் நதிகளும் அச்சிட்ட பாக்கெட்டில் அழுகிய பல்லைப் போடுவது நாட்டு மக்களை அவமதிப்பதாகும் என்று சீனத் தரப்பு வாதிட்டது. அதற்காகத் தன்னார்வ அமைப்புகள் அந்த நாட்டுக்கு 'அழுக்குச் சாம்பல் கிண்ணம்' விருது கொடுத்துக் கேலி செய்தன. ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று கேட்டால், அழுகிய பல் படம் போட்ட பெட்டியை யார் யாருக்குப் பரிசாகக் கொடுப்பார்கள்?

இப்போது உங்கள் அலமாரிக்கு வருகிறேன். கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. அந்தக் கார்ட்டன்களில் சிவப்புப் பெட்டி, மேலே பெய்ஜிங்கின் தியனன்மென் கட்டடம் போட்ட 'ஜோங்ஹுவா' இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் உங்கள் மாகாணத்துச் சரக்கான 'லீச்சுன்' இருக்கும். ஜோங்ஹுவா ஒரு பாக்கெட்டே 45 யுவானிலிருந்து 70 யுவான் வரை, கார்ட்டனுக்குப் பத்துப் பாக்கெட். சாயப்பட்டறை முதலாளிக்கும் சரக்கு அனுப்பும் ஏஜெண்டுக்கும் அப்பா அதைப் பளபளக்கும் பையில் போட்டு, இரண்டு கையாலும் கொடுப்பதைப் பையன் எட்டு வருடமாகப் பார்க்கிறான். அப்பா பிடிப்பதில்லை, ஆனால் மதிக்க வேண்டிய ஆளுக்கு அப்பா கொடுப்பது சிகரெட். இந்தப் பாடத்தை அவனுக்குத் தொழிற்பள்ளி அண்ணன் நடத்தவில்லை, வீட்டில்தான் படித்திருக்கிறான்.

உங்கள் கணவரைக் குறை சொல்லவில்லை. வியாபார சங்கடம் எனக்குத் தெரியும். ஆனால் மாற்று இல்லாமல் இல்லை. பக்கத்திலேயே ஹாங்ஜோவின் லோங்ஜிங் தேயிலை இருக்கிறது, அதைக் கொடுத்தால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். ஊரிலிருந்து வரும்போது நல்ல முந்திரி, ஏலக்காய் கொண்டுபோனால் இன்னும் விசேஷம், அது நம் ஊரிலிருந்தே வந்த பரிசு. இருக்கும் கார்ட்டன்களை வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுக்க முடிகிறதா பாருங்கள். அந்த ஊர்த் தெருக்களில் சிகரெட்டும் சாராயமும் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று போர்டு மாட்டிய கடைகளே இருக்கும். பையன் பார்க்கும்படி எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

அடுத்தது பையனோடு பேசுவது. சிகரெட்டை மேஜைமேல் வைத்து விசாரணை நடத்தாதீர்கள். சிறுநீர்ப் பரிசோதனை, பையைச் சோதனை போடுவது, அதெல்லாம் வேண்டாம். ஸ்கூட்டரில் போகும்போதோ காய் நறுக்கும்போதோ, முகத்தைப் பார்க்காமல் பேசுகிற நேரத்தில் கேளுங்கள். 'பிடிச்சியா' என்று கேட்காதீர்கள். 'அவன் நீட்டினப்ப உனக்கு என்ன தோணுச்சு' என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு ஆமாம், இல்லை என்று பதில் வந்து பேச்சு முடிந்துவிடும். இரண்டாவதற்கு ஒரு கதை வரும்.

கதை வந்ததும் பயிற்சி கொடுக்க வேண்டும். அங்கே பெரியவர்கள் நாசூக்காக மறுக்க ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்கள்: 'வோ பூ ஹுய்'. எனக்கு வராது, தெரியாது என்று அர்த்தம். நீச்சல் தெரியாது என்பது மாதிரி. 'வேண்டாம்' என்றால் நீ கொடுத்தது வேண்டாம் என்றாகிவிடும், 'வராது' என்றால் குறை என்னுடையது. நாம் 'எனக்குப் பழக்கமில்லைங்க' என்கிறோமே, அதேதான். நீட்டுகிறவர் முகமும் காப்பாற்றப்படுகிறது. என் அறைத் தோழனிடம் நான் முதலில் தொண்டை வலி என்றேன். பெரிய தப்பு! மூன்றாம் நாள் தொண்டை சரியாயிற்றா என்று விசாரித்து மறுபடியும் நீட்டினான். சாக்குக்குக் கெடு தேதி உண்டு, 'பூ ஹுய்'க்குக் கிடையாது.

ஆனால் 14 வயதில் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. 'வராதா, வா கத்துத் தரேன்' என்பான் அந்த அண்ணன். அதற்கு இரண்டாவது வாக்கியம் தயாராக இருக்க வேண்டும். நீங்கள் வில்லியாகிவிடுங்கள். 'எங்கம்மாவுக்கு நாய் மூக்கு, வீட்டுக்குள்ள நுழையும்போதே கண்டுபிடிச்சிடும்' என்று அவன் சொல்லட்டும். அம்மாவுக்குப் பயப்படுவதை அந்த ஊர்ப் பையன்கள் யாரும் கேலி செய்வதில்லை, அவர்கள் வீட்டிலும் அதே கதிதான். மரியாதைக்கு இரண்டு மூன்று முறை வற்புறுத்துவது வழக்கம் என்பதையும் சொல்லி வையுங்கள். முதல் மறுப்பை யாரும் மறுப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நீங்கள் அண்ணனாக நடித்து மூன்று முறை நீட்டுங்கள், அவன் சிரித்துக்கொண்டே மூன்று முறையும் மறுக்கட்டும். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஆனால் வாயில் ஒரு முறை வந்த வாக்கியம்தான் தேவைப்படும்போது திரும்ப வரும்.

ஒருவேளை அவன் ஏற்கெனவே பிடிக்கிறான் என்று பேச்சில் தெரிந்தால் கலங்காதீர்கள், ஆனால் தள்ளியும் போடாதீர்கள். இந்த வயது மூளை நிகோடினுக்குச் சீக்கிரம் வசப்படும். தினமும் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே ஏங்க ஆரம்பித்துவிடுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எழுந்ததும் முதல் சிகரெட்டுக்கு எவ்வளவு நேரம் என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அரை மணிக்குள் என்றால் பழக்கம் முற்றியிருக்கிறது. விட்ட முதல் இரண்டு மூன்று நாள்தான் எரிச்சலும் சிடுசிடுப்பும் உச்சத்தில் இருக்கும், சில வாரத்தில் அடங்கும். ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிஷம்தான் நிற்கும், அதைத் தாண்ட ஒரு வேலை கையில் இருந்தால் போதும். புகையை நிறுத்துவதற்குப் பெரியவர்களுக்குத் தரும் வரெனிக்லின் மாத்திரை 18 வயதுக்குக் கீழே பரிந்துரைக்கப்படுவதில்லை. நிகோடின் ஒட்டுப்பட்டை, சூயிங்கம் எதையும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். பெரிய மருத்துவமனைகளில் 'ஜியெ-யென் மென்ஜென்', அதாவது புகைவிடுப்பு ஆலோசனைப் பிரிவு இருக்கும், அங்கே கூட்டிப் போங்கள்.

சிகரெட்டை மட்டும் தேடினால் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மின் சிகரெட் பிறந்த நாடு அது. உலகத்துச் சரக்கில் பெரும்பகுதி ஷென்சென் நகரத்திலிருந்துதான் போகிறது. பிள்ளைகளுக்குப் பிடித்த பழ வாசனை, புதினா வாசனையெல்லாம் 2022 அக்டோபர் 1 முதல் சீனாவுக்குள் விற்கத் தடை, புகையிலை வாசனைக்கு மட்டுமே அனுமதி. அந்த வருடத்தைச் சுற்றித்தான் பால் தேநீர்க் கோப்பை, கோலா டின் வடிவத்தில் கள்ளச் சரக்கு கிளம்பிப் பள்ளிப் பைகளுக்குள் போனது. பொம்மை என்று அம்மாக்கள் தூசி தட்டி மேஜைமேல் வைத்த கதையெல்லாம் உண்டு. அறையில் காரணமில்லாமல் மாம்பழ வாசனை அடித்தால் விசாரியுங்கள்.

பள்ளிக்குச் சொல்லலாமா? வகுப்பு ஆசிரியரைத் தனியாகப் பாருங்கள். பெற்றோர் வீசாட் (அந்த ஊர் வாட்ஸ்அப்) குழுவில் மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். ஐம்பது குடும்பம் பார்க்க ஒரு வீட்டின் முகத்தைக் கிழித்தது போலாகிவிடும், உங்கள் பையனுக்கு அதன்பிறகு அங்கே நண்பன் இருக்க மாட்டான். அந்த ஊர்ச் சட்டத்தில் சிறார் புகைப்பது 'தீய நடத்தை'ப் பட்டியலிலேயே இருக்கிறது, அதனால் தண்டனை வேகமாக வரும். தண்டனையால் விட்ட பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை, கழிப்பறைக்கு இடம் மாறிய பிள்ளைகளைத்தான் பார்த்திருக்கிறேன். தோழனின் அம்மாவை ஒரு நாள் தேநீருக்கு அழையுங்கள். அண்ணனைப் பற்றிப் பேசாமல், 'நம்ம பசங்க இரண்டு பேரையும் எப்படிக் காப்பாத்தலாம்' என்று தொடங்கினால் அவரும் உங்கள் பக்கம் வந்துவிடுவார்.

கரூருக்கு அனுப்புவது பற்றி: வேண்டாம். இந்தியாவில் 2019இல் எடுத்த ஆய்வில் 13 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். பாட்டி வீட்டுத் தெருமுனையிலும் ஒரு பெட்டிக்கடை இருக்கும். அப்பா அம்மாவை விட்டுப் பிரிந்த பையனுக்கு அந்தக் கடை இன்னும் கிட்டே தெரியும்.

கடைசியாக அந்த விருந்து. வீட்டுக்காரர் முதலில் உங்கள் கணவரிடம்தான் நீட்டுவார். பிடிக்காதவர்களில் பலர் செய்வது போல வாங்கிக் காதில் செருகிக்கொள்ளவோ தட்டுக்குப் பக்கத்தில் வைக்கவோ வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டு கையையும் லேசாக உயர்த்தி, சிரித்து, 'வோ பூ ஹுய், ஷியெஷியெ', அதாவது எனக்கு வராது, நன்றி என்று சொல்லட்டும். இரண்டாம் முறை நீட்டினால் இரண்டாம் முறையும். உடனே எழுந்து தேநீர்க் கோப்பையால் வீட்டுக்காரருக்கு மரியாதை செய்யட்டும். பையனை அவன் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வையுங்கள்.